நீலக் கதவு

பை வாரை அப்படி இழுக்காதீங்க தம்பி, இருக்கிற நூலும் விட்டுடும். இங்க குடுங்க. உள்ள ஒரு துணி வெச்சுத் தெச்சாத்தான் நிக்கும். ஸ்டூல்ல உக்காருங்க. அதுவரைக்கும் ஒரு விடுகதை போடறேன். கைப்பிடி இருக்கும், தாழ்ப்பா இருக்கும், எப்பவும் பாதி தொறந்தே இருக்கும். ஆனா இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட உள்ள போனதில்ல. என்ன அது?

பொம்மை வீடா? பரவாயில்லயே, கிட்ட வந்துட்டீங்க. பின்னாடி திரும்பிப் பாருங்க. இவ்வளவு நேரம் அதைத்தானே போட்டோ எடுத்தீங்க?

அதேதான், சுவத்துல வரைஞ்ச அந்த நீலக் கதவு. நிஜக் கதவு மாதிரியே இருக்குல்ல? போன மாசம் ஒரு ஆளு நல்லாக் குடிச்சிட்டு வந்து ரொம்ப நேரம் தட்டினாரு. யாரும் கூப்பிடலன்னதும், உள்ள ஆள வெச்சுக்கிட்டே விட மாட்டேங்கறீங்களான்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

அது ஒரு ஃபேக்டரியோட சுவரு தம்பி. ஃபேக்டரிய மூடினாங்க. மெஷின வித்தாங்க, கூரையப் பிரிச்சு வித்தாங்க. சுவர வாங்க மட்டும் ஆள் வரல. அது நின்னுடுச்சு. குப்பையக் கொட்டறது நாங்கன்னு சுவருக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க சொல்வாங்க. சாக்கடையத் திருப்பி விடறது அவங்கன்னு நாங்க சொல்வோம். நான் அந்தப் பக்கத்துல வாக்கப்பட்டவ. கல்யாணம் நிக்கல, சுவரு நின்னுச்சு. நான் இந்தப் பக்கம் தையக்கடை, அவரு அந்தப் பக்கம் பைக் மெக்கானிக். நடுவுல ஒரு பொண்ணு.

சண்டையா? அதுக்கு மூஞ்சியப் பாத்தாத்தானே? சுவத்துல செங்கல் பேந்து ஒரு ஓட்டை இருந்துச்சு, ஒரு பிள்ளை குனிஞ்சு போற அளவுக்கு. காலையில இங்க சாப்பிட்டு அது வழியாப் போவா. ஸ்கூலு அந்தப் பக்கம். விட்டதும் அப்பா கடையில உக்காந்து வீட்டுப்பாடம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இங்க வந்துடுவா. கோர்ட்டு பண்ண வேண்டிய வேலைய அந்த ஓட்டை பண்ணிட்டிருந்துச்சு.

அப்பதான் ஓவியக் குழு வந்துச்சு. இது இந்த இடத்துக்குன்னே பொறக்கற கலைம்மா, வேற எங்கயும் தூக்கிட்டுப் போக முடியாதுன்னாரு அவங்க தலைவரு. சுவரு எங்கயும் போகாது சார், நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டோம்னேன். அடடா, என்ன ஒரு பார்வைன்னாரு.

ஸ்கூல் ஹால்ல கூட்டம். அவங்க ஒரு ஓரம், நாங்க ஒரு ஓரம். கையில கலர் பேப்பரக் குடுத்து, உங்க கனவ எழுதுங்கன்னாங்க. எதுலயும் ஒத்துப்போகாத சனம் தம்பி. மழை பேஞ்சா, அங்க பேயலன்னு சொல்ற ஆளுங்க. அன்னிக்கு ரெண்டு பக்கமும் ஒரே வார்த்தைய எழுதியிருந்தாங்க. கதவு. தலைவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நீங்க கேட்டது கிடைக்கும்னாரு. எல்லாரும் கை தட்டினோம். கடப்பாறையோட வருவாருன்னு பாத்தோம். பெயிண்டு டப்பாவோட வந்தாரு.

சிரிங்க சிரிங்க. நானும் முதல்ல சிரிச்சேன். மறுநாள், படம் வரைய சுவரு சமமா இருக்கணும்னு சிமெண்டு குழைச்சாங்க. ஓடிப்போய், சார், அந்த ஓட்டை வழியாத்தான் என் பொண்ணு போறான்னேன். மனுஷன் குனிஞ்சு பாத்தாரு, உள்ள கைய விட்டுப் பாத்தாரு. இது பெரிய விஷயம்மா, அந்தக் குழந்தைய நான் படத்துல வைக்கிறேன்னாரு.

ஆமா, அவதான். கதவுல ஒரு கால வெளிய வெச்சு நிக்கிறாளே, என் பொண்ணேதான். சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு. அவ போற வழிய அடைச்சு, அதுக்கு மேலயே அவ போற மாதிரி வரைஞ்சு குடுத்துட்டாரு.

இடிக்கறதா? கார்ப்பரேஷன் ஆபீஸ்ல போய்க் கேட்டேனே. வெறும் சுவரா இருந்தப்போ வந்திருந்தா யோசிச்சிருக்கலாம், இப்ப அது கலை, ஆணிகூட அடிக்கக் கூடாதுங்கறாங்க. பக்கத்துல போர்டு வேற வெச்சிருக்காங்க, படிச்சீங்களா? இரு பகுதிகளை இணைத்த சுவர்.

இல்ல இல்ல, ஒண்ணும் மாறலன்னு சொன்னா பாவம். முக்குல காபிக் கடை வந்திருக்கு. வாடகை ஏறியிருக்கு. ஒத்துமையும் வந்திருக்கு. ரெண்டு பக்கமும் சேந்து இப்ப ஓவியரத் திட்டறோம்.

ஸ்கூலுக்கா? இப்ப சுத்தித்தான் போகணும். மெயின் ரோடு, பாலம், லாரிங்க. குழந்தையத் தனியா அனுப்ப முடியுமா? தினம் கடைய மூடிட்டுக் கூட்டிப் போகத்தான் முடியுமா? அவருக்கும் அதே கதைதான். கடைசியில ஸ்கூல் வாசல்ல நின்னு, நானும் அவரும் நேருக்கு நேரா பேசிக்கிட்டோம். எத்தனையோ வருஷம் கழிச்சு. போர்டுல இருக்கறது பொய்யின்னு எப்படிச் சொல்ல?

அவளா? வர்றவங்க எல்லாம் அவளப் படத்துக்குப் பக்கத்துல நிக்க வைப்பாங்க. அதே மாதிரி கால வைம்மா, அதே மாதிரி சிரிம்மான்னு. அவ வளந்துட்டா, பல்லு ரெண்டு விழுந்துடுச்சு. ஒரு அம்மா வந்து, படத்துல இருக்கறவதான் அழகுன்னுட்டுப் போனாங்க.

இந்தாங்க, இழுத்துப் பாருங்க. இனி பை கிழிஞ்சாலும் வாரு அறாது. காசெல்லாம் வேண்டாம். ஸ்டேஷனுக்குத்தானே போறீங்க? அது அந்தப் பக்கம். போற வழியில இந்தக் கவர மட்டும் குடுத்துடுங்க. பாலம் எறங்கினதும் மெக்கானிக் கடை. கையெல்லாம் கிரீஸா இருப்பாரு, ஸ்டூல் மேல வைக்கச் சொன்னேன்னு சொல்லுங்க. ஸ்கூல் பாவாடை, மடிப்பப் பிரிச்சு இறக்கியிருக்கேன். நான் ஞாயித்துக்கிழமதான் போவேன், அவளுக்கு நாளைக்கே வேணும்.

ஆமா, அங்கதான் இருக்கா. நாங்க யாரும் முடிவு பண்ணல, அவளையே கேட்டோம். அந்தப் பக்கச் சுவத்துல ஒண்ணும் வரையல, பெயிண்டு தீந்துபோச்சு. படம் இல்லாத பக்கமே இருக்கேன்னு சொன்னா.