இடுப்பு மடியும் வண்டி

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ருமேனியா. வயலுக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு மண் ரோடு... ஒரு மரம் இல்ல, வீடு இல்ல, குரைக்க ஒரு நாய்கூட இல்ல. அந்த ரோட்டுல நம்ம மந்தைவெளிக்காரன் ஒருத்தன், வலது கையை உடம்புல படாம நீட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடினான்.

பேரு முத்துகிருஷ்ணன். என் சிநேகிதன், பாத்திரக் கடைக்காரர் மகன் தணிகாசலத்தோட தங்கச்சி புருஷன். டேய் ஃபராஸ், அந்தப் பிரியாணிப் பொட்டலத்த மூடி வை. அப்புறம் என்னைத் திட்டாதே.

"நீ சொல்லு மாமா. நான் தி.நகர் சாக்கடை ஓரமா நின்னே சாப்பிட்டவன்."

சரி, உன் வயிறு, உன் பாடு. கரண்ட் வர்ற வரைக்கும் வேற வேலை இல்ல. தெருவுல தண்ணி முட்டிக்கு மேல நிக்குது. கிட்ட வந்து உக்காருங்க.

முத்துகிருஷ்ணன் வேளச்சேரியில ஜேசிபி ஓட்டினவன். ஐரோப்பாவுல பெரிய பண்ணை, டிராக்டர் வேலைன்னு ஒரு ஏஜென்ட் அனுப்பி வெச்சான். டிராக்டர்னா நம்ம ஊர் டிராக்டர் இல்ல. வீட்டு உயரம். மூலைக்கு ரெண்டா எட்டு சக்கரம். ஸ்டீயரிங்கைத் திருப்பினா சக்கரம் திரும்பாது... வண்டியே நடுவுல மடியும். இங்க ஒரு காலத்துல ரெண்டு பஸ்ஸை ஒட்டவெச்சு ஓட்டினாங்களே, அந்த மாதிரி. முன்பாதி, பின்பாதி, நடுவுல இடுப்பா ஒரு மூட்டு. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிரைவர் அந்த இடுப்புக்குள்ள கையை விட்டு கிரீஸ் அடிக்கணும். அப்போ வண்டி மடிஞ்சா ஆளு சட்னி. அதனால குறுக்கே ஒரு இரும்புத் தண்டைப் போட்டுப் பூட்டிட்டுத்தான் கையை விடணும்.

ஃபராஸ் பக்கத்துல இருந்த சிந்து மூஞ்சியைச் சுளிச்சா. "சட்னிய விட்டுட்டு சொல்லேன்."

புதுசா ஒரு வண்டியில ஏறினா சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துறது நம்ம பழக்கம். எட்டு சக்கரத்துக்கு எட்டு பழம். அங்க எலுமிச்சம்பழம் விக்கிற விலைக்கு எட்டு வாங்க நம்மாளுக்கு மனசு வரல. பாத்திரக் கடைக்காரர் வீட்டு மாப்பிள்ளையாச்சே... சாமிகிட்டயே பேரம் பேசினான். எட்டுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணை நடு இடுப்புல வெச்சு, கும்பிட்டு, வண்டியை மடிச்சான். பச்சக்.

போணி பண்ணிட்டா வாடிக்கையும் வந்துடும். அதை யோசிக்கல.

மறுநாள் கிரீஸ் அடிக்கக் குனிஞ்சான். வண்டி பூரா சேறு, தூசி, பழைய கிரீஸ். பழம் நசுங்கின இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளன்னு இருக்கு. தோல் இல்ல, கொட்டை இல்ல. தொட்டான்... வெதுவெதுன்னு ஈரம். முகர்ந்தான். பல்லு விளக்காத வாய் நாத்தம்.

அன்னிக்கு ராத்திரி, வயல் கோடியில, இவன் ஸ்டீயரிங்கைத் தொடுறதுக்கு முன்னாடியே வண்டி மடிஞ்சுது. இன்ஜின் சத்தத்துக்கு அடியில இன்னொரு சத்தம். சப்... சப்... எலும்பை உறிஞ்சுற மாதிரி. இறங்கினான். சாப்பாட்டு டப்பாவுல இருந்த ஊறுகாயை எடுத்து இடுப்புல வெச்சான். சத்தம் நின்னுச்சு. அதுக்கப்புறம் தினம் ஊறுகாய். தினம் வழிச்சு வெச்ச மாதிரி சுத்தம்.

ஊர்லருந்து கொண்டுபோன ஜாடி ஒருநாள் காலி. மறுநாள் கிரீஸ் அடிச்சா, பழைய கிரீஸ் பிதுங்கி வரும் பாரு, அது கறுப்பா வரல. வெள்ளையா வந்துச்சு. ஆறிப்போன ஆட்டுக் கொழுப்பு மாதிரி. அதுக்குள்ள சின்னச் சின்னதா நரைச்ச மீசை முடி. மழையில ஊறின கோழிக் கழிவு நாத்தம்... அங்கயே வாந்தி எடுத்தான்.

ஃபராஸ் சத்தம் காட்டாம பொட்டலத்தை மூடினான்.

மேஸ்திரியைக் கூப்பிட்டான். ருமேனியாக்காரக் கிழவன். வந்து பார்த்தான். போனை எடுத்து அவன் பாஷையில முணுமுணுத்தான். போன் அதைச் செய்தி வாசிக்கிற தமிழ்ல மாத்திச் சொல்லுச்சு.

"நீங்கள் அவனுக்கு உணவு அளித்தீர்களா?"

"யாருக்கு?"

"முந்தைய ஓட்டுநருக்கு. அவன் நடுவில் இருந்தபோது வண்டி மடிந்தது. நன்றாகக் கழுவினோம். அவன் முழுவதும் கிடைக்கவில்லை."

"இன்னா கெடைக்கல?"

அதுக்குக் கிழவனுக்கு போன் தேவைப்படல. வாயைத் திறந்து நாக்கை நீட்டி, விரலால தொட்டுக் காட்டினான்.

அப்புறம் போன் மறுபடி பேசுச்சு. "நாளை மழை. இன்றிரவு விதைப்பு முடிய வேண்டும். விருப்பம் இல்லையெனில் நீங்கள் வீடு திரும்பலாம்."

பொண்டாட்டி ஜெயபாரதிக்கு ஏழாவது மாசம். வேலை போச்சுன்னா மாமனார் கடையில உக்காந்து குடத்துக்குத் தூசி தட்டணும். அதுக்கு இதுவே மேல்னு நெனச்சான்.

இன்ஜினை அணைச்சான். சாவியைப் பாக்கெட்டுல போட்டான். தண்டைப் பூட்டி ஆட்டிப் பார்த்தான். அசையல. கிரீஸ் கன்னைப் பிடிச்சு, வலது கையை மணிக்கட்டு வரைக்கும் உள்ள விட்டான்.

வண்டி மடியல. எதுவும் கடிக்கல. கடிச்சிருந்தாக்கூட பரவால்லன்னு இப்பவும் சொல்றான்.

நக்குச்சு.

சுண்டு விரல்லருந்து ஒவ்வொரு விரலா... இடுக்கு இடுக்கா, நக அழுக்கைக்கூட விடாம... சொரசொரன்னு, நிதானமா. ருசி பார்த்து.

கையை உருவிக்கிட்டு ஓடினதுதான் அந்த ஓட்டம். நேரா ஊருக்கு வந்துட்டான். குழந்தை பொறந்துச்சு. இப்போ மாமனார் கடையிலதான் குடம் துடைக்கிறான்.

மந்தைவெளி ரேஷன் கடையில மெஷின்ல விரலை வெச்சா ரேகை விழல. "இன்னா நைனா, எங்க போய்த் தேச்சுக்கினு வந்த?"ன்னு சிரிச்சாராம் கடைக்காரர். நானே பார்த்தேன். விரல்ல ரேகை இல்ல, உள்ளங்கையில கோடு இல்ல. உரிச்ச முட்டை.

"அவ்ளோதானே?" சிந்து கேட்டா. "அது அங்கயே நின்னுபோச்சே."

நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். வந்தப்போ மணிக்கட்டு வரைக்கும்தான் வழவழன்னு இருந்துச்சு. அதுக்கு மேல முடி, மச்சம் எல்லாம் இருந்துச்சு. முழங்கையிலருந்து கீழ்நோக்கி 'ஜெயபாரதி'ன்னு பச்சை குத்தியிருந்தான். போன வாரம் சட்டையை மடிச்சுக் காட்டினான்... 'ஜெ' மட்டும்தான் மிச்சம்.

குழந்தை அந்தக் கை மேல தலை வெச்சுத்தான் தூங்குது. பின்மண்டையில முடி கொட்டிப்போச்சு. கைக்குழந்தைன்னா கொட்டும்னு எல்லாரும் சொல்றாங்க. கொட்டும்தான். ஆனா ஜெயபாரதி தினம் பாயை உதறிப் பார்க்குறா.

ஒரு முடிகூட விழல.