கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

பயிற்சிக்கு வரும் நர்சுகளுக்கு முதல் நாள் நானே நகம் வெட்டிவிடுவேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்கள்கூட வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள், பிறகு ஒருத்தி மாற்றி ஒருத்தி கையை நீட்டுவார்கள். பிறந்த பிள்ளையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, நகம் பட்டாலே கிழியும் என்று சொல்லிக்கொண்டே வெட்டுவேன். பதினோரு வருடமாக இப்படித்தான். விசாரணைக்காக நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை என்பது உங்களுக்கு முதலில் தெரியட்டும் என்று இதையும் எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், அக்கம்மாள் மேடத்திடம் படித்தேன் என்று சொல்ல அங்கே ஒரு நர்ஸ் இருப்பாள். அழாமல் பிறந்த பிள்ளையை எப்படி மூச்சுவிட வைப்பது, உடம்பு குளிர்ந்துபோகாமல் எப்படிக் காப்பது, சப்பத் தெரியாத பிள்ளைக்கு எப்படிப் பாலாடையில் பால் புகட்டுவது, எல்லாம் மூன்று நாளில் சொல்லித்தருவேன். இரண்டு நாள் பொம்மையை வைத்து. மூன்றாம் நாள் எங்கள் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில்.

அந்த மூன்றாம் நாளுக்கு என்னிடம் ஒரு முறை உண்டு. பயிற்சிக்கு வந்தவள் பிள்ளையைக் கவனிக்கும்போது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். சொல்லித்தருகிறவள் கை உள்ளே போனால் கற்றுக்கொள்கிறவள் கை பின்வாங்கிவிடும். ஆனால் முப்பது வினாடிதான் கெடு. அதற்குள் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்காவிட்டால் அவளை விலக்கிவிட்டு நான் இறங்கிவிடுவேன். அப்படிப் பதினேழு தடவை இறங்கியிருக்கிறேன். பதினேழு பிள்ளைகளும் நன்றாக இருக்கின்றன.

பிரின்சி ராயப்பன்பட்டிப் பெண். கேரளாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே அரசு வேலைக்கு வந்தவள். கெட்டிக்காரி என்று முதல் நாளே நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். இரண்டாம் நாள், பிறக்கிற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் வாயிலும் மூக்கிலும் குழாய் விட்டுச் சளியை உறிஞ்ச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கையைத் தூக்கினாள்.

"மேடம், இப்ப அப்பிடிச் செய்யிறதில்ல. நல்லா அழுகுற பிள்ளைக்குக் குழாயே விடக் கூடாதுன்னு அங்கன சொன்னாக."

பெரிய டாக்டரம்மா அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றிருந்தார். "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி சிஸ்டர். அத மாத்தி ரொம்ப நாளாச்சே," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். பலகையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டுச் சரியானதை என் கையாலேயே எழுதினேன். பிரின்சிக்கு நன்றி சொன்னேன். மத்தியானம் என் டப்பாவில் இருந்த பருப்பு உருண்டைக் குழம்பை அவளுக்குத்தான் முதலில் ஊற்றினேன். இதற்கும் அடுத்த நாளுக்கும் நீங்கள் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவு விவரம்.

மூன்றாம் நாள் காலை பத்தே முக்காலுக்குப் பூமாரி பிரசவித்தாள். கோம்பைக்காரி, திராட்சைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான பிள்ளை. வலி பொறுக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, நீங்க நிக்கிறீக, எனக்குப் பயமில்ல," என்றாள். பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. அழவில்லை.

பிள்ளை பிரின்சியின் பொறுப்பு. துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், தொப்புள்கொடியை வெட்டி, சூடு கொடுக்கும் வார்மரில் கிடத்தினாள். எல்லாம் சரி. பிறகு காற்றடிக்கும் பையை எடுத்தாள். தட்டில் இரண்டு மாஸ்க் இருந்தன. நிறைமாதப் பிள்ளைக்கு ஒன்று, குறைமாதப் பிள்ளைக்குச் சின்னதாக ஒன்று. அவசரத்தில் சின்னதை மாட்டிவிட்டாள். அது பிள்ளையின் வாயை முழுதாக மூடவில்லை. அமுக்க அமுக்கக் காற்று உஸ்ஸென்று ஓரத்தில் போனது. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடிப்பேன். பெரிய மாஸ்க் தட்டில் என் பக்கமாகக் கிடந்தது.

முப்பது வினாடி ஆனது. நெஞ்சு ஏறவில்லை.

அவளாகவே கண்டுபிடிப்பாள் என்று நினைத்தேன். தானாகக் கண்டுபிடித்தால்தான் ஆயுசுக்கும் மறக்காது. ஒரு நிமிடம் ஆனது. பிள்ளையின் தலையைச் சரிசெய்து மறுபடி அமுக்கினாள். அவள் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. "ஏன் சத்தமே வரல? யாராச்சும் சொல்லுங்களேன்," என்று பூமாரி கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்து பார்க்கவும் முடியாது, நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். மற்றப் பதினோரு நர்சுகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இருக்கும் இடத்தில் என்னைக் கேட்காமல் யாரும் கை வைக்க மாட்டார்கள், அப்படிப் பழக்கியிருக்கிறேன். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பது எவ்வளவு கொடுமை என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

நான்கு நிமிடம் இருபது வினாடியில் நான் இறங்கினேன். பிரின்சியை விலக்கி, மாஸ்க்கை மாற்றி, ஐந்து தடவை அமுக்கினேன். நெஞ்சு ஏறியது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை முனகியது. "மேடம் கை பட்டதும் மூச்சு வந்துருச்சு," என்று ஒருத்தி அழுதாள். பூமாரியின் புருஷன் விஜயபாண்டி வராந்தாவில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். வேண்டாம் தம்பி என்று தடுத்தேன்.

பிள்ளையைத் தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே வலிப்பு மேல் வலிப்பாக வந்திருக்கிறது. போன மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது. அதை நினைத்து நான் அழாத நாளில்லை. ஆனால் ஒன்று. அந்தப் பதினோரு பேரில் இனி ஒருத்திகூட மாஸ்க்கைப் பார்க்காமல் மாட்டமாட்டாள். அதனால் எத்தனை பிள்ளைகள் பிழைக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிரின்சியைச் சஸ்பெண்ட் செய்தீர்கள். அவள் எழுதிக் கொடுத்ததை எனக்கும் காட்டினீர்கள். இரண்டாம் நிமிடத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதாகவும் நான் பதில் சொன்னதாகவும் எழுதியிருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். பதினோரு பேரும் காதில் எதுவும் விழவில்லை என்றார்கள். அவர்கள் சான்றிதழில் நான் அதுவரை கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

நேற்று அவளுடைய அப்பா ஏசுதாசன் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவ சாப்பிட்டு நாலு நாளாச்சும்மா. ஒருவேள நாந்தேன் மேடம் சொன்னதாக் கற்பன பண்ணிக்கிட்டேனோன்னு பொலம்புறா. தான் கேட்டது நெசமா பொய்யான்னு அவளுக்கே தெரியல. நீங்க ஒரு வார்த்த சொன்னீகன்னா புள்ள தெளிஞ்சுரும்."

போய் வாருங்கள், எழுதித் தருகிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பிரின்சி கேட்டாள். அமுக்குவதை நிறுத்தாமலே என் பக்கம் திரும்பி, "மேடம், நெஞ்சு ஏறலயே, மாஸ்க்கு சரியா இருக்கா?" என்றாள். நான் குனிந்து மாஸ்க்கைப் பார்த்தேன். "சரியாத்தேன் இருக்கு, நீ பண்ணும்மா," என்றேன்.

அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல கை. அடுத்த பயிற்சிக்கு அவளை என்னிடமே அனுப்பிவையுங்கள். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் பக்கத்திலேயே நிற்பேன்.