ஒலிந்தஸ் மண்மேடு

லவினா: அண்ணா, கழுத்தைத் திருப்ப முடியல. நிமிர்ந்தா நரம்பு சுண்டி இழுக்குது.

லாயிட்: திருப்பாத. நாம ஒட்டின இந்த மாடல் ஊரைப் பார்த்தே நில்லு. புரொபசர் வரும்போது உழைச்ச களை மூஞ்சில தெரியட்டும்.

லவினா: உங்களுக்கு ஜோக்கு. அவர் வேணாம்னுட்டா ஓனர் சுதீர் என்னைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவாரு. நேத்து சேர்ந்தவ நான்.

லாயிட்: என்னை மட்டும் உட்கார வச்சு சோறு போடுவாரா? எலெக்ட்ரானிக் சிட்டி பில்டருங்களுக்கு அபார்ட்மெண்ட் மாடல் ஒட்டியே கை காய்ச்சுப்போச்சு. இப்ப போய் கிரேக்க ஊரு!

லவினா: மாடல் தெருவுல நீங்க நிறுத்தின பொம்மைக் கார்...

லாயிட்: எடுத்துட்டேன் தாயே! கைப்பழக்கம்.

லவினா: நல்லவேளை. நீச்சல் குளம் வைக்கல.

லாயிட்: உஷ்... படியேறுறாரு.

சுந்தரேசன்: வரலாமா? அடடே... தெருவெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கே!

லாயிட்: வாங்க சார். காலேஜ்ல நீங்க குடுத்த பிளான்தான்.

சுந்தரேசன்: ஒலிந்தஸோட சிறப்பே அதான். ரெண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னாடி மாசிடோனியா ராஜா பிலிப் இடிச்சுத் தள்ளினான். அதுக்கு மேல பெருசா யாரும் கட்டல. அதனாலதான் வீடு வீடா தோண்டி எடுக்க முடிஞ்சது.

லவினா: ஜனங்க என்ன ஆனாங்க சார்?

சுந்தரேசன்: சிக்கினவங்களை அடிமையா வித்துட்டான்மா.

லவினா: ஐயோ...

சுந்தரேசன்: முற்றமெல்லாம் தெற்குப் பக்கம்தானே? குளிர்கால வெயில் வீட்டுக்குள்ள வர்றதுக்காக அப்படிக் கட்டினாங்க. கண்காட்சியில நான் பேசப்போறதே அதைத்தான். அதுல தப்பிருந்தா வாங்கிக்க முடியாது.

லாயிட்: குனிஞ்சு பாருங்க சார். கண்ணுக்குத் தெரியிற வீடெல்லாம் தெற்குதான்.

சுந்தரேசன்: சரியா இருக்கு... இதுவும் சரி... ஓரத்துல என்ன, மண்மேடு?

லவினா: அது... சார்... அது வந்து...

லாயிட்: இன்னும் தோண்டாத இடம் சார். முழுசாத் தோண்டலன்னு நீங்கதானே சொன்னீங்க.

சுந்தரேசன்: பிரமாதம்! எல்லாரும் ஊரை நேத்து கட்டின மாதிரி காட்டுவாங்க. தோண்டாததை யாரும் காட்டமாட்டாங்க. வேன் அனுப்புறேன், ஏத்திடுங்க. சுதீர்கிட்ட நானே பேசுறேன்.

லவினா: ரொம்ப தேங்க்ஸ் சார்... பார்த்து இறங்குங்க, படி உடைஞ்சிருக்கு.

லாயிட்: கீழ கார் கிளம்பிடுச்சு. இனி மூச்சு விடு.

லவினா: அப்பாடா... ஏசப்பா! சிரிக்காதீங்கண்ணா, எனக்கு அழுகையே வருது. வேலை தப்பிச்சுது.

லாயிட்: அழு, சிரி, என்ன வேணா பண்ணு. முதல்ல வா, பிரியாணி சாப்பிடலாம். காலையிலேர்ந்து வயித்துல ஒண்ணுமில்ல.

லவினா: வேன் குலுங்கினா மண்ணு உதிராதே?

லாயிட்: பசையைக் கலந்து இறுக்கியிருக்கேன். கடப்பாறை போட்டாத்தான் பேரும்.

லவினா: நல்ல மனுஷன்ணா அவரு. எவ்ளோ சந்தோசமா போனாரு பாருங்க.

லாயிட்: அதான் உறுத்துது. அபார்ட்மெண்ட்ல செய்யிற மாதிரியே பின்வரிசையைத் திருப்பி வச்சு ஒட்டித் தொலைச்சோம், பிரிக்கவும் வரல. அந்த மண்ணுக்கடியில ஒரு வரிசை வீடு வடக்கு பார்த்து நிக்குது லவினா... தெற்கு பார்த்த வீடு ஒரு வரிசை, அந்த மனுஷனுக்கு நாம பாக்கி.