இறங்கிய பிறகு ஆன நேரம்

பெயர் ஆ. பிரசன்னா, வயது 34, தகப்பனார் காலஞ்சென்ற ஆரோக்கியசாமி. சொந்த வீடு பெங்களூரு அல்சூர். தற்போது சென்னை அம்பத்தூரில் தங்கி லேத் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். கல்லறையைத் தோண்டியதாக என் மேல் வந்த புகார் தொடர்பாக, 2008 ஜூன் மாதம் காவல் நிலையத்தில் தமிழில் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது:

என் தாயார் பியாட்ரிஸ் காலையில் இறந்துவிட்டதாகத் தாய்மாமன் அப்பாதுரை போன் செய்தார். மாலையில் அடக்கம். எங்கள் வீட்டு வழக்கப்படி பெட்டியை மூடும் முன் மூத்த மகன்தான் முகத்தில் துணி போட வேண்டும். பஸ்ஸில் வந்தால் சேர முடியாது என்பதால் முதல்முறையாக விமானம் ஏறினேன். அது ஒரு மணி நேரத்துக்குள் பெங்களூருவில் இறங்கிவிட்டது. உடனே மாமாவுக்குப் போன் செய்தேன். "எறங்கிட்டியா ராஜா? அப்போ அரை மணியில வந்துடுவ. அசோகன் வேன் எடுத்துக்கினு கேட்டாண்ட நிக்கிறான்" என்றார். அதோடு என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அதன்பின் வெளியே வந்து தேடியும் எங்கள் தெரு வேன்காரன் அசோகனைக் காணவில்லை. விமான நிலையம் தேவனஹள்ளிக்கு மாறிச் சில நாட்களே ஆகியிருந்தன. மாமாவுக்கு அது தெரியும், பேப்பரில் படித்துவிட்டு என்னிடமே பேசியிருக்கிறார். ஆனால் சாவு வீட்டுப் பதற்றத்தில் அவருக்கு ஏர்போர்ட் என்றால் அல்சூருக்குப் பக்கத்தில் இருந்த பழையதுதான். அசோகன் பயணிகளே வராத அந்தக் கேட்டில் காத்திருந்திருக்கிறான். நான் பஸ் பிடித்து, ஹெப்பாளில் நெரிசலில் சிக்கி, ஆட்டோ மாறி வந்தேன். சென்னையிலிருந்து பறந்து வந்ததைவிட அதற்கு அதிக நேரமானது. பாழாய்ப்போன ஊர் என்று வழியெல்லாம் திட்டினேன்.

அதன்பின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது மண் மூடி, ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். இறங்கிய மகன் வந்து சேரவில்லை என்று பேச்சு கிளம்பியதாலும், மழை இருட்டிக்கொண்டு வந்ததாலும் அடக்கத்தை முடித்துவிட்டார்கள். துணி யார் போட்டது என்று கேட்டேன். மாமா சட்டைப் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்தார். "யாரும் போடல ராஜா. நீதான் போடணும்னு வச்சிருந்தேன். கடைசியில அவசரத்துல அப்படியே ஆணி அடிச்சுட்டாங்க" என்று சொல்லி அழுதார்.

அதைக் கேட்டதும் துணியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோண்டினேன். தோட்டக்காரர் சின்னப்பா தடுத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்குப் போன் செய்யப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மாமாவும் குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணை வாரினார். தலைப்பக்கத்துப் பலகையை மட்டும் நெம்பித் திறந்தேன். அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. கையால் மூடிப் பார்த்தேன், மூடவில்லை. துணியைப் போட்டுப் பலகையைப் பொருத்தி, நானே மண் தள்ளினேன். பெட்டியிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

செய்தது குற்றம் என்றால் தண்டனையை ஏற்கிறேன். வருத்தப்படுவதாக மட்டும் எழுத வேண்டாம்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் தங்கை ஷோபாவுக்கு மட்டும் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். பெட்டியைத் திறந்தபோது அம்மா தூங்குவது போல இருந்தார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்)
ஆ. பிரசன்னா