நடுத்திட்டுக்குப் பரிசல்

இல்ல சார், அன்னிக்குத் துறையில நடந்தத நான் கண்ணால பாக்கல. அத மொதல்லயே சொல்லிடறேன். அப்போ நான் இங்க பெங்களூர்ல பி.ஏ. பரீட்ச எழுதிக்கிட்டிருந்தேன். கேள்விப்பட்டதுதான். ஆனா சொன்னது உங்க ஆளு. உங்க பரிசல் ஓட்டுறாரே அய்யாவு, அவரு. அதனால எங்கயாவது தப்பா இருந்தா நீங்களே திருத்துங்க.

எந்திரிக்காதீங்க கோவிந்தப்பா சார். ரெண்டு காபி சொல்லியாச்சு. நடுத்திட்டுப் பரிசல் துறை இன்னும் அஞ்சு வருஷம் உங்களுது, கேசரி சாப்பிடாம போனா எப்படி? எதுத்து ஏலம் கேட்டவரு கடைசில வேணாம்னு கைய ஒதறிட்டாரு. நீங்க விடலியே. பலே.

நானா? அய்யோ, நான் ஏல ஆபீஸ் ஆளு இல்ல சார். வெள்ளச் சட்டையும் பேனாவும் பாத்து நீங்களா அப்படி நெனச்சுக்கிட்டீங்க. நான் ஒரு பேக்டரில குமாஸ்தா. ஆள் எடுக்குற செக்ஷன். இன்னிக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வேடிக்க பாக்க வந்தேன். வார்த்தைக்கு வார்த்த சார் போடுறேனேன்னு பாக்காதீங்க. பெரியவங்ககிட்ட பேசுனா எனக்கு இப்படித்தான். எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான். பழக்கம் பத்தல.

நடுத்திட்டு உங்களுக்குத் தெரியாததா. காவேரி நடுவுல ஒரு மண்ணு. அந்தக் கரை மெட்ராஸு, இந்தக் கரை மைசூரு. எல்ல பிரிச்சப்போ ரெண்டு பேரும் உன்னுது உன்னுதுன்னு தள்ளி விட்டாங்க. பள்ளிக்கூடம் கேட்டா அவங்களக் கேளு, ஆஸ்பத்திரி கேட்டா இவங்களக் கேளு. அபிவிருத்தி ஆபீசர் ஜீப்பு கரை வரைக்கும் வரும், தண்ணியப் பாக்கும், திரும்பிடும். மீனு, புளி, மணல்ல வெளையற வெள்ளரிப்பழம், இதக் கொண்டு போயி சந்தையில வித்துப் பொழைக்கிற சனம். வீட்டுக்கு வீடு ஒரு பரிசல் இருந்துச்சு.

இருந்துச்சுன்னுதான் சொல்லணும். நீங்க குத்தக எடுத்த மொத வருஷமே உங்க ஆளுங்க ஒவ்வொண்ணையும் கவுத்துப் போட்டு, அடியில கட்டுன எருமத் தோல குறுக்கால கிழிச்சாங்க. உங்களுக்கு அதிகாரம் உண்டான்னு அப்புறம் ஒரு வக்கீலக் கேட்டேன். அவங்க கூலிக்கு ஆள் ஏத்தக் கூடாது, அவ்வளவுதானாம். மீன் புடிக்க வெச்சிருக்கிறதக் கிழிக்கலாம்னு எங்கயும் இல்லியாம். சரி, விடுங்க, ஆனது ஆச்சு.

அங்க ஒரு வழக்கம் உண்டு. ஆளு உயிருக்குப் போராடுனா திட்டு முனையில பச்சத் தழையப் போட்டு புகை கெளப்புவாங்க. எந்தக் கரையில எவன் பரிசல் நின்னாலும் தள்ளிக்கிட்டு வந்துடணும். பேச்சுவார்த்த இல்லாதவனா இருந்தாலும் வருவான். காசு கேக்க மாட்டான்.

அன்னிக்கு நீங்க துறையப் பாக்கப் போயிருந்தீங்க. புளியமரத்தடியில கோழிக் கொழம்பு கொதிச்சுதாம். பாஞ்சாலின்னு ஒரு பொண்ணு, தலப் பிரசவம், கொழந்த குறுக்கால நிக்குது. மருத்துவச்சி கை விரிச்சுட்டா. புகை போட்டாங்க. அய்யாவு துடுப்ப எடுத்தாரு. நீங்க உக்காருடான்னீங்க. போன மாசம் ஒரு பரிசல எனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சாங்கல்ல, கொஞ்ச நேரம் புகையட்டும், புத்தி வரும்னீங்க.

தெரியாதா? சமையல் புகைன்னு நெனச்சீங்களா? அய்யாவு ரெண்டு தடவ சொன்னாராம் சார், சாமி, அது பச்சத் தழப் புகை, ஆளு போயிடும்னு. அவரு பொய் சொல்றாருன்னா சொல்லுங்க, கூட்டிட்டு வரேன். இங்கதான் இருக்காரு. நேத்துதான் வந்தாரு.

நீங்க சாப்ட்டுக் கை கழுவினப்புறம் பரிசல் போச்சு. மணல்லயே வெச்சிருந்தாங்க, தாயையும் புள்ளையையும். அதே பரிசல்ல பொணம் வந்துச்சு. அதுக்கும் கூலி வாங்குனீங்க.

கோவமா? எனக்கா? கோவக்காரனா இருந்தா அன்னிக்கே கல்ல எடுத்துக்கிட்டு வந்திருப்பேன். அதுக்கு எனக்கு தைரியம் இல்ல. நான் ஆளுங்களுக்கு வேல தேடிக் குடுத்தேன்.

ஆமா, நடுத்திட்டு ஆளுங்களுக்குத்தான். மொதல்ல ரெண்டு பேர எங்க பேக்டரி கேன்டீன்ல சேத்து விட்டேன். அப்புறம் செங்கல் சூளை, கட்டட வேல, தோட்ட வேல. பொம்பளைங்களுக்கு சாக்குத் தைக்கிற எடம். வீடு வீடா அவங்கள இங்க பெங்களூர்ல நீலசந்திராவுக்குக் கொண்டாந்தேன். கொஞ்சம் கொஞ்சமா, யாருக்கும் தெரியாம, ஒரு வருஷமா.

இப்போ புரியுதா, உங்களுக்கு ஏன் போன வருஷம் வசூல் ஜாஸ்தி ஆச்சுன்னு? ஏலத்துல பக்கத்து ஆளுகிட்ட பீத்திக்கிட்டிருந்தீங்களே, துறை வளருது, துறை வளருதுன்னு. ஆட்டுக்கு ஒரு கூலி, அண்டாவுக்கு ஒரு கூலி, கட்டிலுக்கு ஒரு கூலி. எல்லாத்தையும் குடுத்துட்டுத்தான் ஏறுனாங்க. ஒருத்தரும் திரும்பிப் போகல. ஊரு காலி ஆன வசூல் சார் அது.

அய்யாவு உங்களுக்குத் துரோகம் பண்ணல. வசூல ஒரு பைசா குறையாம கொண்டாந்து குடுத்தாரு இல்லியா? நீங்க வசூல மட்டும்தான கேட்டீங்க. சனம் எப்படி இருக்குதுன்னு ஒரு தடவயாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நீங்க கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பேன். காலைல ஏல ஆபீஸ்ல உங்க பக்கத்து பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்.

கையெழுத்துப் போட்டாச்சு சார். அஞ்சு வருஷம். உங்க சாமராஜ்பேட்ட வீடு ஜாமீன். நடுவுல விட முடியாதுன்னு ஆபீசர் படிச்சுக் காட்டுனப்போ தலையாட்டுனீங்க.

அவங்களுக்கு நான் நல்லது பண்ணிட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆத்து நடுவுல பொறந்த சனம், இப்போ குழாயடியில கொடத்தத் தூக்கிக்கிட்டு சண்ட போடுது. கெழவங்க என்னைப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. தூக்கம் வர்றதில்ல எனக்கு. ஆனா உங்க மூஞ்சி இப்போ போற போக்கப் பாக்கணும்னுதான் சார் அரை நாள் லீவு போட்டேன். அதுல பொய் இல்ல.

சும்மா மெரட்டுறேனா? நானும் அப்படி யோசிச்சேன். அடுத்தவங்க பேச்ச நம்பி ஒரு மனுஷன்கிட்ட இப்படிப் பேசக் கூடாது. அதனால போன ஞாயித்துக்கெழம நானே போனேன். உங்க பரிசல்லதான், கூலி குடுத்து. வீடு வீடா குனிஞ்சு பாத்தேன். கதவு, ஓடு, அம்மிக்கல்லு, எல்லாத்தையும் பேத்துக்கிட்டு வந்துட்டாங்க. எங்கக்கா பாஞ்சாலி வாழ்ந்த வீட்டுல மட்டும் கதவு இருந்துச்சு, எங்க மாமா அத எடுக்க மாட்டேன்னுட்டாரு. மத்தபடி ஆளு ஒருத்தரும் இல்லீங்க.