தம்பிக்குத் தொட்டுக்கொள்ள

ஒரு கிலோ வெங்காயத்தை நறுக்கி வதக்கினால் கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மேல் தேறாது. இது தெரியாதவர்கள், இவ்வளவு போட்டோமே எங்கே போயிற்று என்று பதறி, அடுப்பைத் தூண்டிவிட்டுக் கருக்கிவிடுவார்கள். வெங்காயத்துக்கு ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும். முதலில் அழும், பிறகு வாடும், பிறகு பொன்னிறமாகும், அதற்கும் பிறகு வெல்லப்பாகு நிறத்துக்கு வந்து தானாகவே இனிக்கத் தொடங்கும். அதுவரை நகரக் கூடாது.

இன்ஸ்பெக்டர் ஐயா, இதை நானே எழுதுகிறேன். பெயர் நீலாவதி, வயது நாற்பத்தொன்று, எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நேற்று நான் சொன்னதை உங்கள் ரைட்டர் எழுதிப் படித்துக் காட்டினார். ஒரு மணி நேரம் பேசியது பத்து வரியில் முடிந்துபோயிருந்தது. அதில் வெங்காயமே இல்லை. வெங்காயத்தை விட்டுவிட்டு இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது என்றேன். சரி, நீயே எழுது என்று காகிதம் கொடுத்தார். கோபமாகத்தான் கொடுத்தார், பரவாயில்லை.

உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். இந்த அரைப் பக்கத்துக்குள் நான்கு தடவை எழுந்துவிட்டேன். காவலுக்கு இருக்கும் அம்மா, "இன்னாம்மா, சித்த நேரம் ஒரு எடத்துல குந்த மாட்டியா?" என்கிறாள். மாட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளாது. பெருக்கிய இடத்தையே பெருக்குவேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். பேருந்து வர ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய் நின்றுவிடுவேன். தம்பி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும்.

தம்பி என்றால் தசரதன். அம்மா போனபோது எனக்குப் பதினாறு, அவனுக்கு ஐந்து. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூன்று இடத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மூன்று பேரும் பையனை யாரிடமாவது விட்டுவிடலாம் என்றார்கள். நான் மூன்று பேரையும் விட்டுவிட்டேன். இதை யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை. நானாக எடுத்த முடிவு.

அவன் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் படித்து, எழுபத்தாறில் காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற கூடத்தில் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் மலை ஏறினோம். அங்கே நட்சத்திரம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் மனைவியோடு இரண்டு மாதம் தங்கியிருந்தார். அந்த அம்மாளுக்கு நான் சமைத்துக் கொடுக்கப் போனேன். அவர்தான் இதைக் கற்றுக்கொடுத்தார். வெண்ணெயில் வெங்காயத்தைப் பழுப்பாக வதக்கி ஆறவைத்து, கெட்டித் தயிரில் கலந்து, உருளைக்கிழங்கு வறுவலை அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவார். அவர் ஊரில் வேறு ஏதோ புளித்த பாலாடையாம். இங்கே கிடைக்காது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்துவிட்டால் ஆயிற்று என்று நான் சொன்னேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதற்கு அவர் சொன்ன இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை. நாங்கள் தொட்டுக்கிறது என்றே சொல்லிக்கொண்டோம்.

தம்பி அதைத் தோசைக்கும் கேழ்வரகு ரொட்டிக்கும் தொட்டுக்கொள்வான். சட்டி காலியான பிறகு விரலால் வழிப்பான். அடுப்பு முன்னால் நின்று அதைக் கிளறுகிற ஒரு மணி நேரம்தான் என் கைகால் அடங்கி இருக்கும். அவனும் டியூட்டி முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து ஆயிற்றா ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டிருப்பான். ஐந்து வருஷம் இப்படிப் போயிற்று. நன்றாக இருந்தோம்.

எண்பத்தொன்றில் அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். பெண்ணைப் பார்த்ததும் நான்தான். கணியம்பாடிப் பக்கத்துப் பெண், சகுந்தலா. அவள்மீது எனக்குக் கோபம் ஏதும் இல்லை, இதைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரியாதை தெரிந்த பெண். அண்ணி அண்ணி என்று வாய் ஓயாமல் கூப்பிடுவாள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்தபடி, புருஷன் சாப்பிட்டு எழுந்த தட்டிலேயே போட்டுச் சாப்பிடுவாள். இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்கிறார்கள்? நானே சொன்னேன், வேறு தட்டு வைத்துக்கொள் என்று. சிரித்துவிட்டு அதையேதான் செய்தாள்.

இனி சடையன். நீங்கள் பிடித்து ஜெயிலில் வைத்திருக்கிறவன். மலைமேல் சாமை விதைக்கிறவன். வீடு வீடாகப் புளியும் கொள்ளும் வெங்காயமும் கொண்டுவந்து கொடுப்பான். நின்றே வேலை செய்து எனக்கு உள்ளங்காலில் ஆணி. அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஏழெட்டுக் காட்டு வெங்காயம் கொண்டுவந்தான். பார்த்தால் நம் வெங்காயம் போலத்தான் இருக்கும், கொஞ்சம் வெளிறியிருக்கும். "இத்த சுட்டு, சூட்டோட கால்ல வெச்சி அழுத்துங்கம்மா, ஆணி போய்டும். வாயில மட்டும் வெச்சிடாதீங்க, ஆள சாவடிச்சிடும்" என்றான். இரண்டு தடவை சொன்னான். உங்கள் கேஸ் கட்டில் அவன் எச்சரிக்காமல் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறதாம். அது பொய். எனக்குத் தெளிவாகச் சொன்னான். நானும் தலையாட்டினேன். கால் ஆணியும் போய்விட்டது.

போன வருஷம் ஆவணியில், சகுந்தலாவின் மாமன் பெங்களூரில் ஒரு பேக்டரியில் தம்பிக்கு இன்டர்வியூ ஏற்பாடு செய்தார். திங்கட்கிழமை காலை பஸ். ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் வதக்கினேன். எதை எவ்வளவு சேர்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். இந்தக் காகிதம் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. இனிப்பில் கசப்பு பெரிதாகத் தெரியாது. கொஞ்சம் தெரிந்தது. "இன்னாக்கா, தீச்சிட்டியா?" என்றான். ஆமாம், கண் அசந்துவிட்டேன் என்றேன். அவன் தட்டைக் கழுவுவதற்கு முன் சட்டியில் இருந்ததை நான் கொட்டிவிட்டேன். சகுந்தலாவுக்கு அன்று விரதம், அவன் தட்டில் போட்டுச் சாப்பிட மாட்டாள். அதைப் பார்த்துத்தான் நாளைத் தேர்ந்தெடுத்தேன். நான் அவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று நாள் வாந்தி. பஸ் போய்விட்டது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினான், ஐந்து வயதில் பிடித்த மாதிரி. அந்த மூன்று நாளும் நான் ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தேன் ஐயா. ஒரு தடவைகூட எழுந்து பெருக்கவில்லை.

வேறு சில நாட்களும் உண்டு. பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குக் கிளம்பிய நாள் ஒன்று. வாணியம்பாடியில் தனி வீடு பார்க்கப் போவதாக இருந்த நாள் ஒன்று. டாக்டர் வயிற்றுப்புண் என்று மாத்திரை கொடுத்தார், காரம் சேர்க்காதே என்றார். அதனால் அவனுக்குத் தனியாகச் சமைக்க வேண்டியதாயிற்று. அதையும் நானே செய்தேன். ஒரு நாள் சகுந்தலா என்னிடம், "அண்ணி, ஊருக்குக் கெளம்பும்போதெல்லாம் இவருக்கு இப்டி ஆவுதே, காத்து கருப்பு ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். மறுநாளே போய்க் கயிறு மந்திரித்து வாங்கிவந்து அவன் கையில் கட்டினாள்.

இதில் தம்பி செய்ததையும் நீங்கள் பார்க்க வேண்டும். சித்திரையில் டியூட்டிக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெங்களூருக்குப் போய்வந்திருக்கிறான். வேலை உத்தரவு தபாலில் வந்தபோதுதான் எனக்குத் தெரியும். கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "சொன்னா நீ அழுவேன்னுதான்க்கா சொல்லல" என்றான். நான் அழவில்லை. இருபத்தைந்து வருஷம் வளர்த்தவளிடம் அவன் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. என்னையும் பிறகு கூட்டிப்போவதாகச் சொன்னான். பிறகு என்றால் எப்போது என்று கேட்டேன். வீடு பார்த்துவிட்டு என்றான். வீடு பார்த்துவிட்டு என்றால் எப்போது என்று கேட்டேன். கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள். பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள், இரண்டு பெட்டி. நான் காலையிலேயே வெங்காயம் உரித்தேன். இந்தத் தடவை மூன்று நாள் போதாது என்று பட்டது. அதனால் கொஞ்சம் கூடுதலாகத்தான் சேர்த்தேன். ஒரு மாதம் படுத்தால் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அவனைப் போய் நான் சாகடிப்பேனா?

மதியம் தோசை வார்த்தேன். தம்பி இரண்டு வாய் தொட்டுக்கொண்டான். கசக்கிறது என்று தட்டை நகர்த்திவிட்டு, லாரிக்காரனைப் பார்த்துவருகிறேன் என்று எழுந்து போய்விட்டான். சகுந்தலா அந்தத் தட்டின் முன் உட்கார்ந்தாள். கிண்ணத்தில் இருந்ததை முழுக்கத் தட்டில் போட்டுக்கொண்டாள். "அண்ணி ஒரு மணி நேரம் நின்னு கிளறுனது, நாளைக்கு யாரு செஞ்சி குடுக்கப் போறா, வீணாக்கக் கூடாது" என்றாள்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். தட்டைத் தட்டிவிட்டிருக்கலாம், தோசைக்கல்லை அவள் காலடியில் போட்டிருக்கலாம். எவ்வளவோ செய்திருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இன்னொரு தோசை போடட்டுமா என்றுதான் வந்தது. அவள் சரி என்றாள். போட்டேன். அவள் போனால் அவன் எதற்குப் பெங்களூர் போகப்போகிறான் என்ற நினைப்பு தோசையைத் திருப்பிப் போட்டபோது வந்தது. அதற்கு முன்பு இல்லை. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கட்டிவைத்த பெட்டியை ஏற்ற வந்த லாரியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினார்கள். அடிவாரம் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. தம்பியும் வாந்தி எடுத்தான், ஆனால் பிழைத்துக்கொண்டான். அவர்கள் போனதும் மிச்சமிருந்த இரண்டு காட்டு வெங்காயத்தைப் பரண்மேலிருந்து எடுத்து வெங்காயக் கூடையில் போட்டேன். உங்கள் ஆட்கள் வந்து கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சடையன் கலந்து கொடுத்துவிட்டான் என்றார்கள். நான் சிந்திய சருகைப் பெருக்கினேன். தம்பிதான் சொன்னான்: "எங்கக்காவுக்கு இன்னா தெரியும் சார், மலைக்குக் கீழ பொறந்தவங்க. காட்டு வெங்காயம் எது, வூட்டு வெங்காயம் எதுன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்?" சடையன் சட்டையைப் பிடித்ததும் அவன்தான்.

காரியம் முடியும்வரை பதினாறு நாள் தம்பி வீட்டிலேயே இருந்தான். என் மடியில் படுத்து அழுதான். பதினேழாம் நாள், "இந்த வூட்டுல என்னால இருக்க முடியலக்கா" என்று சொல்லிவிட்டுப் பெங்களூர் போனான். நாலு மாதம் ஆகிறது. ஒரு கடுதாசி இல்லை. பஸ் வருகிற ஒவ்வொரு தடவையும் போய் நிற்கிறேன். வெங்காயமும் வதக்கிப் பார்த்தேன், கை நிற்கவில்லை, கரண்டியோடு தெருவுக்கு வந்துவிட்டேன்.

நான் இப்போது ஒப்புக்கொள்வது சடையனுக்காகத்தான். அவன் பெண்டாட்டி ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. நிரபராதி உள்ளே இருக்கும்போது நான் வெளியே நடமாடுவது தர்மம் இல்லை.

இன்று காலை ரைட்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். கேஸ் நடந்தால் தம்பி வருவானா என்று. "வராம? மொத சாட்சியே அவர்தான். சம்மன் போனா வந்துதான் ஆவணும்" என்றார். எத்தனை தடவை என்று கேட்டேன். வாய்தா போட்டால் போடுகிற தடவையெல்லாம் என்றார். பிறகு, "ஆனா நீதான் ஒத்துக்கினியே. கோர்ட்லயும் அப்டியே சொல்லிட்டா சாட்சியே வேணாம், சட்டுனு முடிஞ்சிடும்" என்றார்.

ஆகவே ஐயா, மேலே எழுதியது அவ்வளவும் உண்மை, சகுந்தலாவைக் கொன்றது நான்தான், கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். தம்பியின் பெங்களூர் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சடையனை விட முடிந்தால் விட்டுவிடுங்கள், முடியாவிட்டால் கொஞ்ச நாள் இருக்கட்டும். கோர்ட்டில் கேட்கும்போது மட்டும் நான் செய்யவில்லை என்றுதான் சொல்வேன். இல்லாவிட்டால் அவனை யார் கூப்பிடுவார்கள்?