ரொட்டி மேல கை

— வாயில இருக்கிற கறியை முதல்ல முழுங்குங்க, ஜூரா அண்ணே. அப்புறம் பேசுவோம்.

— முனிரா, தங்கச்சி, கோபத்தை விட்டுட்டு இந்தக் கேமராத் திரையைப் பாரு. கதையில சிநேகிதனே துப்பாக்கிக்காரங்ககிட்ட காட்டிக் கொடுத்துட்டான்னு உடையுற முகம். இதுதான் என் படத்துக்கு உயிர்.

— அது நடிப்பில்ல. தில்ஷோத் நிஜமாவே உடைஞ்சான்.

— அதைத்தானே சொல்றேன். இவனும் ரஜப்பும் ஒரே போர்வைக்குள்ள தூங்குற பசங்க. கேமராவை வச்சா ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரிச்சுத் தொலையுறானுங்க. நான் என்னதான் பண்ண?

— அதுக்கு? தில்ஷோத்தான் உங்க போனைத் திருடினான்னு ஊர் முன்னாடி ரஜப்பை ரொட்டி மேல கை வச்சு சத்தியம் பண்ண வச்சு, ஒளிஞ்சு நின்னு படம் பிடிப்பீங்களா? இந்த ஊர்ல காலேஜுக்குப் போன முதல் பொண்ணு நான். என்னை நம்பித்தான் பசங்களை அனுப்பினாங்க. என்னைக் கடைக்கு அனுப்பிட்டு இதைப் பண்ணியிருக்கீங்க. உங்களைப் பார்த்தாலே குமட்டுது.

— போன் என் பையிலதான் இருக்கு. சாயங்காலம் எல்லார்கிட்டயும் விளையாட்டுன்னு சொல்லிட்டா தீர்ந்துச்சு.

— விளையாட்டா? அவன் அம்மா அந்தக் கூட்டத்துலதான் நின்னாங்க. பெத்த பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ரொட்டியைத் தொட்டு எவனாவது பொய் சொல்வானா? வீட்டுக்கு இழுத்துட்டுப் போய் விறகுக் கட்டையால அடிச்சிருக்காங்க. காது வீங்கிக் கிடக்கு. யார்கூடவும் பேச மாட்டேங்குறான்.

— அடடா. நானே வந்து சொல்றேன், தங்கச்சி.

— என்னன்னு? தில்ஷோத் திருடலன்னா, ரஜப் ரொட்டி மேல பொய் சொன்னவன். அப்புறம் அவன்கூட உட்கார்ந்து யார் சாப்பிடுவா? தொண்ணூத்திரண்டு உள்நாட்டுச் சண்டையில எங்கப்பாவைப் பக்கத்து வீட்டம்மா ஒளிச்சு வச்சிருந்தாங்க. யாரும் இல்லன்னு ரொட்டி மேல சத்தியம் பண்ணுன்னு துப்பாக்கியை நீட்டினானுங்க. அந்தம்மா பண்ணல. அவங்களைச் சுட்டுறக் கூடாதுன்னு அப்பா தானா எந்திரிச்சு வெளிய வந்தாரு. திரும்பி வரல. இன்னிக்கு வரைக்கும் எங்கம்மா அவங்களை ஒரு சொல் சொன்னதில்ல. அந்த ஊருங்க இது.

— நானும் இந்த நாட்டுக்காரன்தானே, யோசிக்காம பண்ணுவேனா? கேளு. அது ரொட்டியே இல்ல. படத்துக்காக பிளாஸ்டர்ல செஞ்சு, கலர் அடிச்சு, மேல எள்ளு ஒட்டினது. ரஜப்புக்கும் அது தெரியும்.

— நிஜமாவா?

— நானேதான் அவன் கையில கொடுத்தேன்.

— அப்போ எந்திரிங்க. அந்தப் பிளாஸ்டரை தில்ஷோத் அம்மா முன்னாடி போட்டு உடைங்க. ஊரைக் கூப்பிட்டு உடைங்க. சத்தியமே நடக்கலன்னு ஆயிடும், ரெண்டு பசங்களும் தப்பிச்சிருவாங்க. இன்னும் என்ன மெல்றீங்க?

— வரேன், வரேன். கையைத் துடைச்சுக்கிறேன். அதோ ரஜப்பே வரான் பாரு.

— ரஜப், இங்க வாடா. சார் உன்கிட்ட ஒரு பொய் ரொட்டி கொடுத்தாராமே, எங்க அது?

— கூடாரத்துல கிடக்கு, டீச்சர்.

— ஓடிப் போய் எடுத்துட்டு வா. அது மேலதானே கை வச்ச?

— இல்ல டீச்சர். அது கல்லு மாதிரி இருந்துச்சு. தில்ஷோத் பார்த்ததும் கண்டுபிடிச்சிருவான், அப்புறம் அழவே மாட்டான். அதான் எங்கம்மா காலையில சுட்ட ரொட்டியை எடுத்துட்டு வந்து மாத்தி வச்சுட்டேன். சார், நல்லா வந்துச்சா?